அடிவானத்துக்கு மேலே ஒரு முஷ்டி

இந்த ஆண்டின் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்ட பொருள் வடவானம். தொலைநோக்கி எதுவும் இல்லாமல், வீட்டு மொட்டைமாடியில் நின்று, சித்திரை முதல் பங்குனி வரை பார்க்கக்கூடிய வடவானம்.

துருவ நட்சத்திரத்தைக் காட்டச் சொன்னால் பெரும்பாலானோர் அண்ணாந்து பார்ப்பார்கள். புராணக் கதையில் துருவனுக்குக் கிடைத்தது வேறு யாருக்கும் கிடைக்காத உயர்ந்த இடம். ஆகவே வானத்தின் உச்சியில், எல்லாவற்றையும் மிஞ்சிய ஒளியோடு ஏதோ ஒன்று இருக்கும் என்று கண் தேடும். சென்னையில் அப்படித் தேடினால் அது அகப்படாது. வடக்கு நோக்கி நின்று, கையை முழுக்க நீட்டி, கட்டைவிரல் மேலே இருக்கும்படி முஷ்டியை மடக்கி, அதன் அடிப்பக்கம் அடிவானத்தைத் தொடுமாறு பிடிக்க வேண்டும். நீட்டிய கையில் முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அதற்கு மேல் இன்னும் இரண்டு விரல். அங்கே, கொஞ்சம் மங்கலாக, துணையில்லாமல் நிற்பதுதான் துருவம். பிரகாச வரிசையில் அதற்கு ஏறத்தாழ ஐம்பதாவது இடம். பல வீடுகளில் அந்த இடத்தைப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி பிடித்துக்கொண்டிருக்கும். நான்கு தப்படி நகர்ந்து நின்றால் தெரிந்துவிடும்.

ஓர் ஊரில் துருவம் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, கிட்டத்தட்ட அதுவே அந்த ஊரின் அட்சரேகை. கன்னியாகுமரியில் 8 பாகை, முஷ்டிக்குள் அடங்கிவிடும். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏறக்குறைய ஒரு முஷ்டி. சென்னையில் 13. லே நகரில் 34. டொராண்டோவில் குடியேறிய தமிழர் தம் வீட்டுப் பின்புறத்திலிருந்து பார்த்தால் நான்கு முஷ்டிக்கு மேலே, 44 பாகையை ஒட்டி. லண்டனில் 51. சிங்கப்பூரில் அட்சரேகை ஒன்றரைப் பாகைகூட இல்லை என்பதால் அங்குள்ளவர்களுக்குத் துருவம் கட்டடங்களுக்கும் கடல்மூட்டத்துக்கும் பின்னால் மறைந்தே போகிறது. பூமி சுழலும் அச்சை வடக்கே நீட்டிக்கொண்டே போனால் வானத்தில் அது எங்கே குத்துமோ, அந்த இடத்துக்கு வெகு அருகில் துருவம் இருப்பதுதான் காரணம். மற்ற விண்மீன்கள் எல்லாம் அந்தப் புள்ளியைச் சுற்றி வருகின்றன. இது மட்டும் அசையாதது போல நிற்கிறது.

இந்த ஒரே உண்மையை வைத்து இந்துமாக்கடல் முழுவதையும் கடந்தவர்கள் உண்டு. அரபு மாலுமிகள் 'கமால்' என்ற ஒரு கருவி வைத்திருந்தார்கள். கருவி என்றாலும் அது ஒரு சிறு மரப்பலகையும் முடிச்சுகள் போட்ட ஒரு கயிறும்தான். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ் விளிம்பு கடல்கோட்டிலும் மேல் விளிம்பு துருவத்திலும் பொருந்தும் வரை பலகையை முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். தாங்கள் போக வேண்டிய துறைமுகத்துக்கு என்று போட்ட முடிச்சு பல்லுக்கு வந்ததும், இனி நேர் கிழக்கே அல்லது நேர் மேற்கே திரும்பினால் ஊர் வந்துவிடும் என்று தெரியும். தெற்கே வரவரத் துருவம் தாழ்ந்து கடலோடு கலந்துவிடும். அப்போது அதற்குச் சற்று மேலே சுற்றிவரும் இரண்டு விண்மீன்களைப் பிடித்துக்கொள்வார்கள். அவற்றை அவர்கள் 'ஃபர்கதான்' என்றார்கள். 1500-ஐ ஒட்டிய காலத்தில் துருவமே உண்மையான வடமுனையிலிருந்து மூன்றரைப் பாகை விலகி நின்றது. அந்த விலகலையும் கணக்கில் சேர்த்துத்தான் அவர்கள் கலம் செலுத்தினார்கள். இன்று அந்த விலகல் முக்கால் பாகைக்கும் குறைவு. 2100-ஐ ஒட்டி இன்னும் நெருங்கி, அரைப் பாகைக்கும் உள்ளே வந்து, பிறகு மெல்ல விலகத் தொடங்கும்.

துருவம் இவ்வளவு தாழ்ந்திருப்பதால் தமிழ்நாட்டில் வடவானம் பார்ப்பவருக்கு ஒரு நட்டமும் ஒரு லாபமும் உண்டு. நட்டம், காற்றால் வருவது. தலைக்கு நேர் மேலே உள்ள காற்றைப் போல நான்கு மடங்குக்கும் மேலான காற்றைக் கடந்துதான் துருவத்தின் ஒளி சென்னைக் கண்ணுக்கு வருகிறது. தூசும் ஈரமும் அதில் பாதியையாவது தின்றுவிடும். லாபம் பெரியது. லண்டனில் இருப்பவருக்குச் சப்தரிஷி மண்டலம் ஒருநாளும் அடிவானத்தில் இறங்குவதில்லை. வருடம் முழுவதும் எந்த இரவிலும் அது எங்கோ ஓரிடத்தில் இருக்கும். ஆனால் அவருக்கு அகத்தியர் விண்மீனான கனோப்பஸ் எக்காலத்திலும் கிடையாது, தென்சிலுவை கிடையாது. தமிழ் நிலத்தில் நிற்பவருக்குத் தெற்கிலும் வடக்கிலும் ஏறக்குறைய முழு வானமும் சொந்தம். அதற்கு விலையாகச் சப்தரிஷிகள் இங்கே விருந்தாளிகள். பருவத்தோடு வந்து பருவத்தோடு போகிறவர்கள். எப்போது வருவார்கள் என்று தெரிந்து வைத்திருந்தால்தான் பார்க்க முடியும்.

தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று. ஒவ்வொரு விண்மீனும் நேற்றைவிட இன்று ஏறத்தாழ நான்கு நிமிடம் முந்தி உதிக்கிறது. சரியாகச் சொன்னால் 3 நிமிடம் 56 விநாடி. பூமி தன்னைச் சுற்றிக்கொள்ளும்போதே சூரியனையும் சுற்றிக் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், சூரியனை மறுபடி நேருக்கு நேர் பிடிக்க அது கூடுதலாக அந்த நான்கு நிமிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. விண்மீன்களுக்கு அந்தக் கூடுதல் தேவையில்லை. நாளுக்கு நான்கு நிமிடம், மாதத்துக்கு இரண்டு மணி, பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முழு நாள். நள்ளிரவில் உதித்த விண்மீன் அடுத்த மாதம் பத்து மணிக்கு, அதற்கடுத்த மாதம் எட்டு மணிக்கு.

இந்தக் கணக்கைத் தமிழர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், அதுவும் தினம் புரட்டும் நாட்காட்டியில், மாதப் பெயர்களாக. இதுதான் இந்த உரை வலியுறுத்த வந்த செய்தி. கார்த்திகை மாதம் என்றால் முழுநிலவு கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் அருகே நிற்கும் மாதம். முழுநிலவு எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும்; ஆகவே சூரியன் மேற்கே இறங்கும் பொழுதில் நிலவும் அது தங்கியிருக்கும் விண்மீனும் கிழக்கே ஏறும். மார்கழிக்குத் திருவாதிரை, தைக்குப் பூசம், மாசிக்கு மகம், பங்குனிக்கு உத்திரம், சித்திரைக்குச் சித்திரை, வைகாசிக்கு விசாகம். திருவோணத்திலிருந்து ஆவணி, பூரட்டாதியிலிருந்து புரட்டாசி, அசுவினியிலிருந்து ஐப்பசி. சிலவற்றுக்குச் சில நாள் முன்பின் ஆகலாம். ஆனாலும் மாதத்தின் பெயரைத் தாங்கிய விண்மீன் அந்த மாதத்து மாலையில் கிழக்குப் பக்க வானில் இருக்கும். கோயில் திருவிழாக்களின் பெயர்களாக மட்டும் நினைவில் நின்றுவிட்ட இந்தச் சொற்கள் ஒரு வான அட்டவணையின் பன்னிரண்டு வரிகள்.

பல நூறு ஆண்டுகள் கழித்தும் அட்டவணை எப்படிப் பொய்க்காமல் இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. பூமியின் அச்சு ஒரு பம்பரம் தள்ளாடுவது போல மெல்லச் சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டுகள், ஒரு பாகைக்கு 72 ஆண்டுகள். இதனால் பருவங்களும் விண்மீன்களும் ஒன்றைவிட்டு ஒன்று நழுவுகின்றன. ஆங்கில நாட்காட்டி பருவத்தைப் பிடித்துக்கொண்டது. நம் பஞ்சாங்கம் விண்மீனைப் பிடித்துக்கொண்டது. அதற்குக் கொடுத்த விலை தைப்பொங்கலில் தெரிகிறது. சூரியன் வடக்கே திரும்பும் நாள் உண்மையில் டிசம்பர் 21 அல்லது 22. தை முதல் நாளோ ஜனவரி 14 அல்லது 15-க்குத் தள்ளிப் போய்விட்டது. இடைவெளி 24 நாள். அந்த 24 நாளும் அச்சின் தள்ளாட்டம் சேர்த்த பாக்கி. பருவத்தில் விட்டதை விண்மீனில் காப்பாற்றியிருக்கிறார்கள், ஆகவே இன்றும் கார்த்திகை மாதத்தில் கார்த்திகை கிழக்கே உதிக்கிறது. அதே தள்ளாட்டத்தால் துருவ பதவியும் கைமாறுகிறது. கிறிஸ்துவுக்கு 2,800 ஆண்டுகளுக்கு முன்பு டிராகன் குழுவிலுள்ள துபான் என்ற மங்கிய விண்மீன் வடமுனையில் இருந்தது. இன்னும் 12,000 ஆண்டுகளில் நீலவெள்ளை நிறத்து வேகா அந்த இடத்துக்கு அருகே வரும்.

இனி ஆண்டைச் சித்திரையிலிருந்து தொடங்கலாம்.

மாதப் பெயர் விண்மீன்களில் சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி ஆகிய நான்கு மாதங்களுக்கு உரியவை வானத்தின் தென்பாதியைச் சேர்ந்தவை. அந்த மாதங்களில்தான் வடக்கே சப்தரிஷிகள் வந்து நிற்கிறார்கள். சித்திரை முதல் வாரத்தில் இரவு ஒன்பது மணிக்கு வடக்கே பார்த்தால், அகப்பை போன்ற அந்த ஏழு விண்மீன்கள் நான்கு முஷ்டி உயரத்தில் கவிழ்ந்து தொங்கும். அகப்பையின் வெளிவிளிம்பில் உள்ள இரண்டு விண்மீன்களுக்கு இடையிலான தூரத்தை ஐந்து மடங்கு கீழே நீட்டினால் துருவம். கைப்பிடியின் வளைவை அப்படியே கிழக்கே நீட்டினால் செம்பொன் நிறத்தில் சுவாதி. வானத்தின் வடபாதியில் அதைவிடப் பிரகாசமான விண்மீன் வேறில்லை. வளைவை மேலும் நீட்டினால் சித்திரை விண்மீன். ஒரே இழுப்பில் மூன்று பெயர்கள் கைக்கு வந்துவிடும்.

கைப்பிடியில் நடுவே இருப்பவர் வசிட்டர். அவரை ஒட்டி, நிலவின் அகலத்தில் பாதிகூட இல்லாத இடைவெளியில், ஒரு சிறு ஒளிப்பொட்டு. அருந்ததி. சங்கப் பாடல்களில் கற்புக்கு உவமையாக வரும் வடமீன் இவள்தான். திருமணத்தில் அம்மி மிதித்ததும் அருந்ததி காட்டுவது வழக்கம். அநேகமாக மண்டபத்தின் வாசலில், பகல் வெளிச்சத்தில், புரோகிதர் வடக்கே கையைக் காட்டுவார். "அருந்ததி தெரியுதாம்மா?" "தெரியுதுங்க." தாலி ஏறிய பதற்றத்தில் இருக்கும் பெண்ணுக்கு அதற்கு மேல் என்ன சொல்லத் தோன்றும்? ஆனால் தை மாதத்து அதிகாலை முகூர்த்தம் என்றால் கதையே வேறு. நாலரை ஐந்து மணிக்கு அருந்ததி வடக்கே ஏறக்குறைய தன் முழு உயரத்தில், ஐந்து முஷ்டிக்குச் சற்றுக் குறைவாக, தெளிவாக நிற்கிறாள். மேளம் நின்றபின் மணமக்களை ஐந்து நிமிடம் விளக்கில்லாத பக்கமாக அழைத்துப்போனால் போதும், சடங்கு உண்மையாகவே நடந்துவிடும். வைகாசிக் கல்யாணத்தில் வரவேற்பு முடியும் இரவு ஒன்பது மணிக்கு அதே உயரம். ஐப்பசியில் மட்டும் கடினம். விடியலுக்கு முன் வடகிழக்கில் மரங்களின் உயரத்தில்தான் இருப்பாள்.

அந்த இணையை உற்றுப் பார்த்தவர்கள் கண்டதெல்லாம் வியப்பு. 1617-இல் கலிலியோவின் மாணவரும் நண்பருமான காஸ்டெல்லி, வசிட்டர் ஒருவரல்ல இருவர் என்று தொலைநோக்கியில் கண்டு கலிலியோவையும் பார்க்கச் சொன்னார். 1857-இல் ஹார்வர்ட் வானாய்வகத்தில் அந்த இரட்டையைப் புகைப்படம் எடுத்தார்கள். இரட்டை விண்மீன் ஒன்று புகைப்படத்தில் பதிந்தது அதுவே முதல் முறை. 1889-இல் அதே வானாய்வகத்தின் பிக்கரிங், அந்த இருவரில் ஒருவரின் நிறமாலைக் கோடுகள் சில நாளுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிந்து சேர்வதைக் கவனித்தார். அன்றைய எந்தத் தொலைநோக்கியிலும் பிரித்துக் காண முடியாத இன்னொரு இணை உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. மற்றவரும் அப்படியே என்று பின்னர் தெரிந்தது. 2009-இல் அருந்ததிக்கும் ஒரு மங்கிய துணை உண்டு என்று கண்டார்கள். கண்ணுக்கு இரண்டாகத் தெரியும் அந்த இடத்தில் ஆறு விண்மீன்கள் இருக்கின்றன.

ஆடியும் ஆவணியும் மேகத்தோடு மல்லுக்கட்டும் மாதங்கள். இடைவெளி கிடைக்கும் இரவுகளில் வேகா, ஆல்டேர், டெனெப் என்ற மூன்று பெரிய விண்மீன்கள் அமைக்கும் முக்கோணத்தைப் பார்க்கலாம். ஆல்டேர்தான் நம் திருவோணம். வேகாவுக்கு அபிஜித் என்று பெயர். 28 நட்சத்திரங்கள் கொண்ட பழைய பட்டியலில் இருந்து, 27 ஆனபோது விடுபட்டுப் போனது. சூரியனை விட்டால் முதன்முதலில் புகைப்படம் எடுக்கப்பட்ட விண்மீன் அதுதான், 1850-இல். வேகாவின் ஒளி வந்துசேர 25 ஆண்டு ஆகிறது, திருவோணத்தின் ஒளிக்கு 17 ஆண்டு. டெனெப்பின் ஒளியோ ஆயிரம் ஆண்டுக்கும் முந்தைய பயணம். மூன்றும் ஒரே தளத்தில் பதித்த கற்கள் போலத் தெரிவது கண்ணின் ஏமாற்றம். நகர விளக்குகளைத் தாண்டிப் போனவர்களுக்கு அந்த முக்கோணத்தின் நடுவே பால்வீதி ஓடும்.

புரட்டாசியில் கிழக்கே ஒரு பெரிய சதுரம் ஏறிவரும். அதன் மேற்குப் பக்கம் பூரட்டாதி, கிழக்குப் பக்கம் உத்திரட்டாதி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடக்கே, சப்தரிஷிகள் காலியாக விட்டுப்போன இடத்தில், ஆங்கில எழுத்து 'எம்' வடிவில் ஐந்து விண்மீன்கள் நிற்கும். காசியோபியா. துருவத்துக்கு இந்தப் பக்கம் சப்தரிஷி, அந்தப் பக்கம் காசியோபியா. ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். சப்தரிஷி இல்லாத காலத்தில் துருவத்தைக் காட்டிக்கொடுப்பது இதுதான். 1572-இல் இந்த ஐந்துக்கும் அருகே பகலிலும் தெரியும் அளவுக்கு ஒரு புதிய விண்மீன் வெடித்துக் கிளம்பியதை டைக்கோ பிராஹே அளந்து வைத்தார். வானம் மாறாதது என்ற நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது.

ஆனால் வடவானத்தில் மாறுவதைப் பார்க்க 1572 வரை போக வேண்டியதில்லை. காசியோபியாவுக்குக் கிழக்கே பெர்சியஸ் குழுவில் அல்கோல் என்று ஒரு விண்மீன் இருக்கிறது. 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை அது ஒளி குன்றி மீள்கிறது. குன்ற ஐந்து மணி நேரம், மீள ஐந்து மணி நேரம். உச்சத்தில் துருவத்துக்குச் சமமாக இருப்பது, குறையும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். இந்தக் கால இடைவெளியைக் கண்டு சொன்னவர் இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த ஜான் குட்ரிக். சிறு வயதிலேயே கேட்கும் திறனை இழந்தவர். 1782 நவம்பரில் அவர் கவனிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. பக்கத்திலிருந்த மற்ற விண்மீன்களை அளவுகோலாக வைத்து, இது அதைவிடக் கூடுதலா குறைவா என்று இரவுதோறும் எழுதினார். ஏதோ ஓர் இருண்ட பொருள் அல்கோலைச் சுற்றிவந்து அதை மறைக்கிறதோ என்று அவர் முன்வைத்த கருத்தை நூறாண்டு கழித்து நிறமாலை ஆய்வு உறுதி செய்தது. 1783-இல் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்லி பதக்கம் அளித்தது. 1784-இல் சீபியஸ் குழுவில் ஐந்து நாள் சொச்சத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் இன்னொரு விண்மீனைக் கண்டார். 1786-இல், 21 வயதில் இறந்துபோனார்.

அந்த இரண்டாவது விண்மீனின் இனத்தைச் சேர்ந்தவைதான் 'சீபிட்' விண்மீன்கள். அவற்றின் ஏற்ற இறக்கக் காலத்துக்கும் உண்மையான ஒளிக்கும் உள்ள உறவை ஹென்ரியட்டா லெவிட் 1912-இல் வெளியிட்டார். அதை அளவுகோலாகக் கொண்டு 1923-இல் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமீடாவில் ஒரு சீபிட்டைக் கண்டு, அது நம் பால்வீதிக்குள் உள்ள புகைமூட்டமல்ல, தனியொரு விண்மீன் மண்டலம் என்று நிறுவினார். துருவ நட்சத்திரமே ஒரு சீபிட்தான். நான்கு நாளுக்கு ஒருமுறை, கண்ணுக்குப் புலப்படாத அளவில், மூச்சுவிடுவது போல் ஏறி இறங்குகிறது. 964-இல் பாரசீக வானியலர் அல்-சூஃபி சிறு மேகம் என்று குறித்துவைத்த அதே ஆண்ட்ரோமீடாவை இன்று தமிழ்நாட்டிலிருந்தும் வெறுங்கண்ணால் காணலாம். ஐப்பசி, கார்த்திகை மழை மறைத்துவிட்டால் கவலையில்லை. மழை கழுவிவிட்ட வானத்தில், நிலவில்லாத பொங்கல் மாலையில், ஏழு மணிக்கு வடமேற்கே ஐந்து முஷ்டி உயரத்தில், இருண்ட ஊர்ப்புறத்திலிருந்து பார்த்தால் நீள்வட்டமாக ஒரு மங்கிய பஞ்சு போலத் தெரியும். 25 லட்சம் ஒளியாண்டு. வெறுங்கண் எளிதில் எட்டும் மிகத் தொலைவான பொருள் அதுதான்.

குட்ரிக்கைப் போல ஒளியை ஒப்பிட்டு எழுதுவதற்கு ஒரு பொது அளவு வேண்டும். ஐந்து படி வேறுபாடு என்றால் ஒளியில் நூறு மடங்கு என்று 1856-இல் வகுத்துக் கொடுத்தவர் நார்மன் போக்ஸன். அவர் 1861-இல் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்று வந்து, 1891-இல் இறக்கும் வரை இங்கேயே வேலை செய்தார். உலகின் எந்த விண்மீன் வரைபடத்தை விரித்தாலும் விண்மீன்களின் ஒளியைக் குறிக்கும் அளவு அவர் வகுத்த கணக்குதான். அவருக்குத் துணையாக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் தென்வானத்தில் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டவர். 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது அதைப் பொதுமக்களுக்கு விளக்கச் சிறுநூல் எழுதியவர். 1792-இல் கட்டப்பட்ட அந்த வானாய்வகம் 1899-இல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் மட்டும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. இத்தனை பெரிய வரலாறு பள்ளிப் பாடத்தில் இதைவிடக் கூடுதலான இடம் பெற வேண்டும்.

மார்கழி, திருவாதிரையின் மாதம். வேட்டைக்காரன் குழுவின் தோளில் செக்கச் செவேலென நிற்கும் அந்த விண்மீன் 2019-ஆம் ஆண்டு மார்கழியில் எல்லாரையும் திடுக்கிட வைத்தது. வழக்கமாக ரோகிணியைவிடப் பிரகாசமாக இருப்பது, வாரந்தோறும் மங்கிக்கொண்டே வந்து, 2020 பிப்ரவரியில் எதிர்த்தோளில் உள்ள பெல்லாட்ரிக்ஸுக்குச் சமமாகிவிட்டது. வெடிக்கப் போகிறதோ என்ற பேச்சுகூட எழுந்தது. விண்மீன் கக்கிய வாயு குளிர்ந்து தூசுத் திரையாகி ஒரு பக்கத்தை மறைத்தது என்று பின்னர் ஆய்வுகள் விளக்கின. அந்த மார்கழியில் விடியற்காலைக் கோலத்துக்கு எழாமல், மாலை ஏழு மணிக்கு மாடி ஏறியிருந்தால் எவரும் கருவியின்றி அதைக் கண்டிருக்கலாம். மார்கழியை ஒட்டி வரும் டிசம்பர் 13, 14 இரவுகளையும் குறித்துவைக்க வேண்டும். மார்கழி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு. மிதுனத்திலிருந்து சிதறும் ஜெமினிட் எரிமீன்கள் பின்னிரவில் தமிழ்நாட்டுக்கு ஏறக்குறைய உச்சியிலிருந்து பொழியும். ஆகஸ்டின் புகழ்பெற்ற பெர்சீட் பொழிவு நமக்கு வடகிழக்கில் தாழ்ந்தே கிடக்கும், மேகமும் சேர்ந்துகொள்ளும்.

தையில் பூசம், மங்கிய தேன்கூடு போன்ற கூட்டத்தின் அருகே. மாசியில் மகம், சிங்கத்தின் மார்பில். பங்குனியில் உத்திரம், சிங்கத்தின் வாலில். அதற்குள் வடகிழக்கில் அகப்பை மறுபடி தலைகாட்டத் தொடங்கியிருக்கும். சக்கரம் ஒரு சுற்று வந்துவிட்டது.

இவற்றைப் பார்க்க அமாவாசையை ஒட்டிய இரவும், கண் இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடப் பொறுமையும் போதும். அந்த நேரத்தில் செல்போன் திரையை ஒருமுறை பார்த்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஆனால் இருளே கிடைப்பது அரிதாகி வருகிறது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் தன்னார்வலர்கள் வெறுங்கண்ணால் பதிந்த பல்லாயிரம் குறிப்புகளைத் தொகுத்த ஓர் ஆய்வு, இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு 9.6 சதவீதம் ஏறுகிறது என்று 2023-இல் தெரிவித்தது. 250 விண்மீன்கள் தெரியும் ஊரில் பிறந்த குழந்தை 18 வயதில் அதே ஊரில் நூறைத்தான் காணும். இதைத் தடுக்க முடியாது என்று கைவிட வேண்டியதில்லை. லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் இயங்கும் இந்திய வானாய்வகத்தைச் சுற்றியுள்ள நிலப்பகுதியை 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். கிராமத்து மக்களே விளக்குகளுக்கு மூடி போட்டு, வருகிறவர்களுக்குத் தொலைநோக்கியில் வானம் காட்டுகிறார்கள். 2.3 மீட்டர் தொலைநோக்கி நிற்கும் ஜவ்வாது மலைக் காவலூரைச் சுற்றியும் அப்படி ஒரு காப்பு வேண்டும். தெருவிளக்குக்கு மேலே ஒரு மூடி போடுவது செலவு மிகுந்த வேலையல்ல. ஒளி தரைக்குப் போகும், வானத்துக்குப் போகாது.

விட்டுவைத்த மாதம் கார்த்திகை. திருவண்ணாமலையில் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு, மலையின் கிழக்கு அடிவாரத்திலுள்ள கோயிலிலும் தெருக்களிலும் நிற்கும் லட்சக்கணக்கான மக்களின் முகம் மேற்கே மலையுச்சியைப் பார்த்திருக்கிறது. கொப்பரையில் சுடர் எழுந்ததும் கைகள் குவிகின்றன. அதே நிமிடங்களில் அவர்கள் முதுகுக்குப் பின்னால், கிழக்கு அடிவானத்தில், முழுமையை எட்டிய நிலவு ஏறிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்திலேயே சங்கத் தமிழ் அறுமீன் என்று அழைத்த கார்த்திகைக் கூட்டம். நிலவின் ஒளியில் முதலில் எதுவும் தெரியாது. நிலவை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றால், சிறு திராட்சைக் கொத்து போல ஒரு மங்கல் புலப்படும். ஒரு சாதாரண பைனாகுலர் இருந்தால் ஆறும் தனித்தனியாகப் பிரியும். 440 ஒளியாண்டு தொலைவு. மதுரையில் நாயக்கர் ஆட்சி நடந்த நாட்களில் புறப்பட்ட ஒளி, தீபம் ஏறும் வேளைக்கு வந்து சேர்கிறது.